கூட்டுக் கொள்முதல் (மகிழுந்து சஸ்பென்ஷன்)

கூட்டுக் கொள்முதல் என்பது ஒரே பொருளை வாங்க விரும்பும் பலர் ஒன்று சேர்ந்து, தயாரிப்பாளரிடமோ வணிகரிடமோ ஒரே தொகுதியாக ஆணை கொடுத்து, தனியாளுக்குக் கிடைக்காத விலையில் அதைப் பெறும் முறையாகும். மகிழுந்து ஆர்வலர்கள் சக்கரம், இருக்கை, புகைபோக்கி எனப் பலவற்றை இவ்வாறு வாங்குகின்றனர். ஆயினும் இம்முறையின் பயனும் இடரும் ஒருங்கே தெரிவது சஸ்பென்ஷன் பாகங்களில்தான். அவை விலை மிகுந்தவை. வண்டிக்கு வண்டி அளவு மாறுபவை. அவற்றுள் பல, ஆணை கிடைத்த பின்னரே செய்யப்படுபவை. இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவில் மியாட்டா என வழங்கும் மாஸ்டா எம்எக்ஸ்-5 வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

பின்னணி

பலர் சேர்ந்து வாங்கி விலையைக் குறைப்பது பழைய வழக்கம். இங்கிலாந்தின் ரோச்டேல் நகர நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் 1844-இல் தொடங்கிய கூட்டுறவுக் கடை இதன் புகழ்பெற்ற முன்னோடி. இணையத்தில் இதையே தொழிலாக நடத்த முயன்ற மெர்க்காட்டா என்ற அமெரிக்க நிறுவனம் 1999-இல் தொடங்கி 2001-இல் மூடப்பட்டது. சீனாவில் துவான்கோ என்ற பெயரில், முன்பே பேசிவைத்துக்கொண்டு கூட்டமாகக் கடைக்குச் சென்று விலை பேசும் வழக்கம் 2000-களில் பரவியது. ஆர்வலர் குழுக்களின் கொள்முதல் இவற்றினின்று வேறுபட்டது. அதை நடத்துபவர் பெரும்பாலும் வணிகர் அல்லர். தாமும் ஒரு தொகுப்பு வாங்க விரும்பும் ஓர் உறுப்பினரே.

எம்எக்ஸ்-5 வண்டி

இரண்டு இருக்கை கொண்ட இத்திறந்த வண்டி 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் அறிமுகமானது. 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. முதல் இரண்டு தலைமுறைகளிலும் நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷனே அமைந்தது. இவ்விரண்டின் அமைப்பும் பெரிதும் ஒத்திருப்பதால், சிறு மாற்றங்களுடன் ஒரே பாகம் இரண்டிற்கும் பொருந்துவதுண்டு. எனவே வாங்குவோர் வட்டம் பெரிது. மேலும் இவ்வண்டிகளின் ஷாக் அப்சார்பர்கள் பழமையால் தேய்ந்து, எப்படியும் மாற்ற வேண்டிய நிலையில் இருக்கும். பழையதைப் போன்ற ஒன்றை வாங்குவதா, மேம்பட்டதை வாங்குவதா என்ற கேள்வியே எஞ்சுகிறது. அவ்விடைவெளியைக் கூட்டு விலை குறைத்துவிடுகிறது.

தள்ளுபடியின் காரணம்

எண்ணிக்கை மிகுதியால் விலை குறைகிறது என்பது பொதுவான கருத்து. அது பாதி உண்மையே. பத்துத் தொகுப்பு என்பது பெரிய தயாரிப்பாளருக்கு ஒரு பொருட்டன்று. வணிகருக்கு உண்மையில் மிச்சமாவது வேறு: பொருளை முன்கூட்டி வாங்கி அடுக்கி வைக்க வேண்டியதில்லை; விற்குமா என்ற ஐயம் இல்லை; பலரின் கேள்விகளுக்கு ஒருவர் வழியாகவே விடை கூறலாம். காத்திருப்பும் ஐயமும் வாங்குவோர் தலைக்கு மாறுகின்றன. தள்ளுபடி அதற்குரிய கூலி எனலாம்.

இதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு தொகுப்பின் விலை 1,200 டாலர் எனவும், பத்துப் பேர் சேர்ந்தால் 15 விழுக்காடும் அதற்குக் குறைந்தால் 10 விழுக்காடும் தள்ளுபடி எனவும் கொள்வோம். பத்துப் பேருக்கு ஆளுக்கு 1,020 டாலர். கடைசி நேரத்தில் இருவர் விலகினால் எஞ்சிய எண்மரும் ஆளுக்கு 1,080 தர நேரும். விலகியவருக்கு இழப்பில்லை, நின்றவர்கள் மொத்தம் 480 டாலர் கூடுதலாகச் செலுத்துகின்றனர். பெயர் கொடுத்தவரின் எண்ணிக்கையை நம்பாமல், திருப்பித்தரப்படாத முன்பணம் கட்டியவரை மட்டுமே கணக்கில் கொள்வதற்கு இதுவே காரணம்.

அளவுகளை முடிவு செய்தல்

மிகுந்த கருத்து வேறுபாடு எழும் கட்டம் இது. எல்லோரும் ஒரே வண்டி வைத்திருந்தாலும் தேவை ஒன்றல்ல. அமெரிக்க விளையாட்டு மகிழுந்துக் கழகம் நடத்தும் ஆட்டோகிராஸ் போட்டிகளின் 'ஸ்ட்ரீட்' பிரிவில் ஷாக் அப்சார்பரை மாற்றலாம், சுருள்வில்லை மாற்றலாகாது. 'ஸ்ட்ரீட் டூரிங்' பிரிவில் இரண்டையும் மாற்றலாம். நாள்தோறும் அலுவலகம் செல்பவருக்கோ பள்ளம் மேட்டில் முதுகு நோகாதிருப்பதே முதன்மை.

ஷாக் அப்சார்பர் சுருள்வில்லின் விறைப்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். விறைத்த வில்லுடன் வலுக்குறைந்த ஷாக் அப்சார்பர் சேர்ந்தால், மேட்டைக் கடந்த பின்னும் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். சக்கரம் தரையைப் பற்றுவது குறையும். இப்பொருத்தம் ஷாக் அப்சார்பரின் பிஸ்டனில் அடுக்கப்படும் மெல்லிய தகடுகளால் அமைகிறது. சில வகைகளில் வெளியிலிருந்து திருகிச் சரிசெய்யலாம். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. குழுவிற்கெனத் தனியே தகடு அடுக்கிச் செய்த பாகத்தை வணிகர் திரும்ப எடுத்துக்கொள்வது அரிது.

அளவைக் குறிக்கும் அலகும் குழப்பம் தரக்கூடியது. சப்பானியத் தயாரிப்பாளர்கள் வில்லின் விறைப்பை மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ என்பர். அமெரிக்கர் அங்குலத்திற்கு இத்தனை பவுண்டு என்பர். முன்னதில் ஒன்று பின்னதில் ஏறத்தாழ 56 ஆகும். ஆணைப் படிவத்தில் அலகு, வண்டியின் ஆண்டு, முன்சக்கரமா பின்சக்கரமா என்பன எழுதப்பட வேண்டும். குறித்த நாளுக்குப் பின் எவருக்கும் மாற்றம் அனுமதிப்பதில்லை என்பது நல்ல ஒருங்கிணைப்பாளரின் அடையாளம். கண்டிப்பானவர் என்ற பெயர் வரும், வரட்டும்.

பணமும் பொறுப்பும்

பணம் இரு வழிகளில் செல்லலாம். முதலாவதில் உறுப்பினர் அனைவரும் ஒருங்கிணைப்பாளரிடம் செலுத்த, அவர் மொத்தமாக வாங்கிப் பங்கிடுகிறார். இரண்டாவதில் அவர் விலையை மட்டும் பேசி முடிக்க, ஒவ்வொருவரும் வணிகரிடம் நேரே செலுத்துகின்றனர். இரண்டாவதே பாதுகாப்பானது. முதலாவதில், ஒருங்கிணைப்பாளர் நேர்மையானவராக இருந்தாலும் அவர் பணம் கொடுத்த இடைவணிகர் நொடித்துப்போனால், பழி அவர் மேலேயே விழும். மேலும் பல தயாரிப்பாளர்களின் உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே உரியது. ஒரே பற்றுச்சீட்டில் வாங்கியிருந்தால் எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பருக்கு ஈடு கேட்க மற்றவர்களிடம் சான்று இராது.

அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையத்தின் 1975-ஆம் ஆண்டு விதி, பின்னர் இணைய விற்பனைக்கும் விரிக்கப்பட்டது. அதன்படி வணிகர் தாம் கூறிய காலத்திற்குள், காலம் கூறாவிடில் 30 நாட்களுக்குள், பொருளை அனுப்ப வேண்டும். இயலாவிடில் காத்திருக்க ஒப்புதல் பெறவோ பணத்தைத் திருப்பவோ வேண்டும். கடன் அட்டையில் செலுத்தியவருக்கு 1974-ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. ஆனால் தவறு இடம்பெற்ற முதல் கணக்கறிக்கை அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். சில அட்டை நிறுவனங்கள் கூடுதல் காலம் தருவதுண்டு. தனியே செய்து வரும் பாகங்களுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பது இயல்பாதலால், "இன்னும் இரண்டு வாரம்" என்ற விடையை நம்பியிருப்பவர் இக்காலத்தைத் தவறவிடக்கூடும். பேபால் சேவையில் நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் செலுத்திய பணத்திற்கு வாங்குவோர் பாதுகாப்பு கிடையாது. கட்டணத்தைத் தவிர்க்க அம்முறையில் அனுப்பச் சொல்வது சிறு மிச்சத்திற்குப் பெரும் இடர்.

விலையை வெளியிடாமை

கூட்டு விலையை வெளிப்படையாகக் கூறாமல் கேட்பவருக்கு மட்டும் தெரிவிக்கும் வணிகர் உண்டு. பல தயாரிப்பாளர்கள் விளம்பரத்தில் குறிக்கத்தக்க குறைந்தபட்ச விலையை வரையறுப்பதே காரணம். குறைந்தபட்ச மறுவிற்பனை விலையை நிர்ணயிப்பது தன்னளவிலேயே சட்டவிரோதம் என்ற 1911-ஆம் ஆண்டுத் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007-இல், லீஜின் வழக்கில், மாற்றியது. அதன்பின் கூட்டரசுச் சட்டத்தில் இத்தகைய ஏற்பாடுகள் ஒவ்வொன்றும் அதனதன் விளைவைக் கொண்டே ஆராயப்படுகின்றன.

செருமனியில்

செருமனியில் விலையைவிட ஆவணமே முதலில் கேட்கப்படும். தாழ்த்தும் சுருள்வில் போன்றவற்றைப் பொருத்தும்போது உரிய ஒப்புதல் ஆவணமும், பல வேளைகளில் டியூஃப் போன்ற அமைப்பின் ஆய்வும் தேவை. இல்லையெனில் வண்டியின் இயக்க அனுமதி செல்லாமற் போகலாம். ஆகவே அங்குக் கூட்டாக வாங்குவோர், தம் வண்டியின் வகை எண் அவ்வாவணத்தில் உள்ளதா என்று பார்த்த பின்னரே முன்பணம் கட்டுவது நல்லது.