பதிவேடு காட்டும் தரம்

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் மண்டலப் புற்றுநோய் மையத்தை நம் ஆட்கள் 'ஆர்.சி.சி.' என்றுதான் சொல்வார்கள். அதன் வாசலில் மலையாளத்தோடு நாஞ்சில் நாட்டுத் தமிழும் நெல்லைத் தமிழும் காதில் விழும். 1956-இல் கன்னியாகுமரி தமிழகத்தோடு சேர்ந்த பிறகும், நோய் என்று வந்தால் நம் மக்களுக்கு இந்த ஊர் தூரமாகிவிடவில்லை.

இம்மையம் 1981-இல் தொடங்கியது. முதல் இயக்குநர் டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர். கட்டடத்தையும் கதிர்வீச்சுக் கருவியையும் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நான் சொல்ல வந்தது பதிவேட்டைப் பற்றி.

ஏறக்குறைய அதே சமயத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. மும்பை, பெங்களூர், சென்னையில் மக்கள்தொகைப் பதிவேடு. சண்டிகர், திப்ருகர், திருவனந்தபுரத்தில் மருத்துவமனைப் பதிவேடு. சென்னையின் பொறுப்பை, 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையம் ஏற்றது.

ஊரில் எத்தனை பேருக்கு நோய் என்பதை முதல் வகை சொல்லும். வந்தவருக்கு நாம் என்ன செய்தோம் என்பதை இரண்டாவது வகை சொல்லும். எந்த உறுப்பு, நோய் எந்தக் கட்டம், என்ன சிகிச்சை, அதை முடித்தாரா, 5 ஆண்டு கழித்து எப்படி இருக்கிறார்? இவை எழுதப்படாவிட்டால் 'நல்ல ஆஸ்பத்திரி' என்பது வெறும் செவிவழிச் செய்திதான். அறுவை செய்த ஒவ்வொருவரையும் பின்தொடர்ந்து பலனைப் பார்க்க வேண்டும் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாஸ்டனில் வாதாடியவர் எர்னஸ்ட் காட்மன். சக மருத்துவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை.

இதன் அருமை எனக்கு என் அத்தையால்தான் புரிந்தது. ஊரில் ஒரு சிறிய மருத்துவமனையில் கட்டியை எடுத்தார்கள். திசுப் பரிசோதனைச் சீட்டு தரவில்லை. கேட்டபோது கிடைக்கவும் இல்லை. "கட்டியத்தான் எடுத்தாச்சே மக்கா, சீட்டு எதுக்கு?" என்றாள் அத்தை. பிறகு இங்கே அழைத்து வந்தபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அந்தச் சீட்டுத்தான். நோயின் கட்டத்தைத் தீர்மானிக்க எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. அதில் போன வாரங்களை யார் திருப்பித் தருவது?

2012-இல் டாடா நினைவு மருத்துவமனையை மையமாகக் கொண்டு தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பு உருவானது. நாடெங்கும் ஒரே மாதிரியான சிகிச்சை நெறிகள் வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் நெறி நடக்கிறதா என்று பார்க்கவும் பதிவேடுதான் வேண்டும்.

இதில் நமக்கும் பங்கு உண்டு. எல்லை தாண்டி ஊர் திரும்பியவர் மறுபரிசோதனைக்கு வராமலும், கடிதத்துக்கும் தொலைபேசிக்கும் பதில் சொல்லாமலும் இருந்தால், அவர் பிழைத்தாரா இல்லையா என்பதே ஏட்டில் வெற்றிடமாகிவிடும். ஆகவே அன்பர்களே, சீட்டைக் கேட்டு வாங்குங்கள், பத்திரமாக வையுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டால் பதில் சொல்லுங்கள். அடுத்து வரும் நோயாளிக்கு நாம் செய்யும் உதவி அது.