வளர்ப்புக் குடும்பப் பராமரிப்பும் மனநலமும்: இங்கிலாந்து

பெற்ற வீட்டில் வாழ முடியாமல் போன குழந்தையை, அரசின் பொறுப்பில், வேறொரு குடும்பத்தில் தங்கவைத்து வளர்ப்பது வளர்ப்புக் குடும்பப் பராமரிப்பு எனப்படும். தத்தெடுப்பைப் போல இது நிரந்தர உறவு அன்று. குழந்தை தன் பெற்றோரிடம் திரும்பலாம். இன்னொரு வீட்டுக்கு மாற்றப்படலாம். வளர்ப்புப் பெற்றோருக்கும் குழந்தைக்கும் அரசுக்கும் இடையே நிற்பவர் சமூகப் பணியாளர். 2024 மார்ச் இறுதியில் இங்கிலாந்தில் அரசின் பராமரிப்பில் 83,630 குழந்தைகள் இருந்தனர். ஏறத்தாழ மூன்றில் இருவர் வளர்ப்புக் குடும்பங்களில் வாழ்ந்தனர். இந்த ஏற்பாட்டின் வரலாற்றைச் சட்டங்களின் வரிசையாக எழுதுவதே வழக்கம். அதில் வாழ்ந்தவர்களின் மனநிலையை வைத்துப் பார்த்தால், குழந்தையின் மனநலமும் பணியாளரின் மனநலமும் எந்தக் காலத்திலும் தனித்தனியாக இருந்ததில்லை என்பது புலப்படும்.

தொடக்கம்

தாமஸ் கோரம் லண்டனில் நிறுவிய கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம் 1739-இல் அரச சாசனம் பெற்று, 1741-இல் முதல் குழந்தைகளை ஏற்றது. கைக்குழந்தைகள் நாட்டுப்புறத்துச் செவிலித்தாய்களிடம் அனுப்பப்பட்டனர். அந்த ஊர்களில் வசித்த தன்னார்வலர்கள் அவர்களை மேற்பார்வையிட்டனர். ஏறக்குறைய ஐந்து வயதானதும் குழந்தை லண்டன் இல்லத்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டது. பால் கொடுத்து வளர்த்தவளையே தாயென்று அறிந்திருந்த குழந்தைக்கு இது இரண்டாவது பிரிவு. பேசத் தெரிந்த வயதில் நேர்ந்ததால் நினைவில் தங்கிவிட்ட பிரிவு. பசியையும் அம்மையையும் பற்றி மிகுந்த அக்கறை கொண்டிருந்த நிர்வாகிகள் இதை ஒரு துன்பமாகக் கணக்கில் எடுக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஏழையர் சட்டம் அநாதைகளைப் பணியில்லங்களில் அடைத்தது. 1870-இல் வெளியான ஓர் ஆணை, அவர்களைத் தொலைவிலுள்ள குடும்பங்களிலும் தங்கவைக்க வழிவிட்டது. 1885-இல் இவர்களைக் கண்காணிக்க மேசன் என்ற பெண் ஆய்வாளர் நியமிக்கப்பட்டார். அவர் கிராமம் கிராமமாகச் சென்று, குழந்தைகளின் காலணியைக் கழற்றிப் பாதங்களைப் பார்த்தார். உடையை அகற்றித் தழும்புகளைத் தேடினார். அடியும் பட்டினியும் இப்படித்தான் வெளிவந்தன. உடலில் தழும்பு விடாத துன்பத்தைத் தேடும் வழி அன்று யாரிடமும் இல்லை.

போர்க்காலம்

அந்த வழி இரண்டாம் உலகப் போரில் பிறந்தது. 1939 செப்டம்பர் முதல் சில நாள்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேர், பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகள், குண்டுவீச்சுக்கு அஞ்சி நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அறிமுகமில்லாத வீடுகளில் இறங்கிய பிள்ளைகள் இரவில் படுக்கையை நனைத்தனர், திருடினர், ஓடிப்போனார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மருத்துவர்கள் ஜான் பௌல்பி, இமானுவேல் மில்லர், டொனால்ட் வின்னிகாட் மூவரும் பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து நீண்ட காலம் பிரிப்பது பின்னாளில் கடுமையான மனக்கோளாறுகளுக்கு இடமளிக்கக்கூடும் என்று அதில் எச்சரித்தனர்.

எந்த வீட்டிலும் நிலைக்க முடியாத பிள்ளைகளுக்காக ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் விடுதிகள் அமைந்தன. வின்னிகாட் அங்கே ஆலோசகராகச் சென்று வந்தார். விடுதிகளை அன்றாடம் தாங்கியவர் கிளேர் பிரிட்டன் என்ற இளம் சமூகப் பணியாளர். விடுதிப் பணியாளர்கள் மருத்துவரிடம் கட்டளைகளை எதிர்பார்த்தார்கள். அவரோ அவர்கள் பட்டதைக் கேட்டார். தாங்கள் செய்ததற்கான காரணத்தை அவர்களே கண்டறிய உதவினார். பணியாளர் நிலைகுலைந்தால் குழந்தையும் நிலைகுலையும் என்ற அறிவு இந்த விடுதிகளிலிருந்தே கிடைத்தது. புத்தகத்தில் அது பிறகுதான் ஏறியது.

அந்தக் காலத்தில் வின்னிகாட்டும் அவருடைய முதல் மனைவியும் விடுதியிலிருந்து ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை மூன்று மாதம் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அவன் ஓடிப்போவான், வீட்டுக்குள் இருந்தால் வெறிகொண்டு பொருள்களை உடைப்பான். அப்போதெல்லாம் வின்னிகாட் அவனை அடிக்கவில்லை. தூக்கிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே விடுவார். அங்கே ஒரு மணி இருந்தது. அவன் அதை அடித்தால் உள்ளே சேர்த்துக்கொள்வார்கள். நடந்ததைப் பற்றிப் பேச்சே எழாது. ஆனால் வெளியே விடும் ஒவ்வொரு முறையும், அவன் செய்தது தன்னுள் வெறுப்பை உண்டாக்கிவிட்டது என்பதை அவனிடமே சொல்லிவிடுவார். 1949-இல் வெளியான கட்டுரையில் இதை எழுதிய வின்னிகாட், பராமரிப்பவரின் மனத்தில் எழும் வெறுப்பை மறைப்பதைவிட ஒப்புக்கொள்வதே இருவருக்கும் காப்பு என்று வாதிட்டார். வளர்ப்புப் பெற்றோரும் பணியாளரும் அன்பின் வடிவமாகவே இருக்க வேண்டும் என்று உலகம் எதிர்பார்த்த காலத்தில் இது துணிச்சலான பேச்சு. இத்துறையில் எழுதப்பட்டவற்றில் இதற்கு நிகரான நேர்மை குறைவு.

டெனிஸ் ஓநீலும் 1948-ஆம் ஆண்டுச் சட்டமும்

1945 ஜனவரி 9 அன்று ஷ்ராப்ஷயரில் ஒரு பண்ணை வீட்டில் டெனிஸ் ஓநீல் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் வளர்ப்புத் தந்தையின் அடியாலும் பட்டினியாலும் இறந்தான். வேல்ஸின் நியூபோர்ட் நகர மன்றம் அவனையும் தம்பியையும் அங்கே அனுப்பியிருந்தது. மேற்பார்வை யாருடைய கடமை என்பது இரண்டு மன்றங்களுக்கிடையே தெளிவில்லாமல் கிடந்தது. டிசம்பரில் நேரில் வந்து பார்த்த பெண் ஊழியர் பிள்ளைகளை அகற்றும்படி எழுதினார்; அது நடப்பதற்குள் சிறுவன் போய்விட்டான். நாடே அதிர்ந்தது. அகதா கிறிஸ்டியின் ‘எலிப்பொறி’ நாடகத்துக்கு விதை இந்த நிகழ்ச்சியே.

மிரா கர்ட்டிஸ் தலைமையிலான குழு 1946-இல் அறிக்கை தந்தது. ஒவ்வொரு குழந்தையையும் நேரில் அறிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்பதே அதன் உயிர்நாடியான பரிந்துரை. 1948-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் உள்ளாட்சிகளில் குழந்தைகள் துறைகளை உருவாக்கியது. அவற்றுக்கான பணியாளர்களைப் பயிற்றும் படிப்பை லண்டன் பொருளியல் பள்ளியில் 1947 முதல் நடத்தியவர் கிளேர் பிரிட்டன். பின்னர் அவர் வின்னிகாட்டை மணந்து கிளேர் வின்னிகாட் ஆனார். பாதிக்கப்பட்ட குழந்தையிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து கேள்வி கேட்காதீர்கள், காரில் போகும்போதும் நடக்கும்போதும் படம் வரையும்போதும் பேச்சு தானே வரும் என்று அவர் கற்பித்தார். வீடுகள் மாறினாலும் குழந்தையின் கதை அறுந்துபோகாமல் நினைவில் வைத்திருப்பவர் சமூகப் பணியாளரே என்பது அவர் கருத்து.

பிரிவின் உளவியல்

பௌல்பி உலகச் சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய தாய்மைப் பராமரிப்பு அறிக்கை 1951-இல் வெளிவந்தது. தாய் ஒருவரையே அது அளவுக்கு மீறி வலியுறுத்தியது என்ற விமர்சனம் நியாயமானது. எனினும் குழந்தைக்கு நிலையான உறவு உணவைப் போல அடிப்படைத் தேவை என்பதை அரசாங்கங்கள் ஏற்க அது காரணமாயிற்று.

பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சனும் மனைவி ஜாய்ஸும் இதைப் படமாகவே பிடித்தார்கள். தாய் மருத்துவமனைக்குப் போன சில நாள்களுக்குச் சிறு குழந்தைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் குழந்தைகள் வருந்தினாலும் உடைந்துபோகவில்லை. ஆனால் 17 மாதக் குழந்தையான ஜான் ஒன்பது நாள் குழந்தைக் காப்பகத்தில் விடப்பட்டான். அங்கிருந்த செவிலியர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர், கனிவானவர்கள். முறை மாறி மாறி வந்தார்கள், அவ்வளவுதான். ஒவ்வொருவரிடமும் ஒட்டிக்கொள்ள முயன்ற ஜான் மெல்ல மெல்லச் சோர்ந்து, உண்ண மறுத்து, கடைசியில் தாய் வந்து எடுத்தபோது அவளிடமிருந்தே திமிறினான். இந்தப் படம் 1969-இல் வெளியானது.

இதே காலத்தில், பராமரிப்பவர் தரப்பை விளக்கிய ஆய்வு மருத்துவமனையிலிருந்து வந்தது. 1960-இல் இசபெல் மென்சீஸ் லண்டன் மருத்துவமனை ஒன்றின் செவிலியரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். எந்த நோயாளியோடும் நெருங்காதபடி வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளை மாற்றிக்கொண்டேயிருப்பது, வேதனை தாங்காமல் நிறுவனம் தானறியாமல் கட்டிக்கொள்ளும் அரண் என்று காட்டினார். பிற்காலத்தில் சமூகப் பணி அலுவலகங்களில் பெருகிய படிவங்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் இல்லை.

பழியின் காலம்

1971-இல் குழந்தைகளுக்கான தனித் துறைகள் கலைக்கப்பட்டு, எல்லா வயதினருக்குமான பொதுத் துறைகளில் கரைந்தன. 1973 ஜனவரியில் பிரைட்டனில் ஏழு வயது மரியா கோல்வெல் மாற்றாந்தந்தையால் கொல்லப்பட்டாள். அத்தை வீட்டில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்தவள் அவள். பெற்ற தாயிடம் திருப்பி அனுப்பப்பட்டபோது அழுதாள், மறுத்தாள், அத்தையிடமே ஓடி வந்தாள். அவளுடைய துயரம் கண்ணுக்குத் தெரிந்தே இருந்தது. அதைச் சாட்சியாக ஏற்கத்தான் ஆளில்லை. விசாரணையின்போது அவளுடைய சமூகப் பணியாளர் மக்களாலும் நாளேடுகளாலும் வசைபாடப்பட்டார். குழந்தை இறந்தால் பணியாளரைத் தேடும் பழக்கம் இங்கிருந்து தொடங்கிற்று. 2000-இல் உறவினர் பொறுப்பிலிருந்த விக்டோரியா கிளிம்பியே இறந்தபோதும், 2007-இல் குழந்தை பீட்டர் கொனலி இறந்தபோதும் அதுவே நடந்தது.

அஞ்சும் பணியாளர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்: எழுத்தில் தன்னைக் காத்துக்கொள்கிறார், அல்லது வேலையை விட்டுப் போகிறார். ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974-இல் அமெரிக்காவில் விவரித்த பணிச்சோர்வும், சார்ல்ஸ் ஃபிக்லி 1990-களில் விளக்கிய, பிறர் துயரைக் கேட்டுக் கேட்டே வரும் மனக்காயமும் இவர்களிடம் தெளிவாகத் தெரிந்தன. ஐலீன் மன்ரோ 2011-இல் அரசுக்கு அளித்த அறிக்கை, விதிகளும் இலக்குகளும் பணியாளரைக் குழந்தையிடமிருந்து பிரித்துக் கணினி முன் உட்காரவைத்துவிட்டன என்று சொன்னது.

அளவீடும் மாற்று வழிகளும்

குழந்தைகளின் மனநலத்தைத் தேசிய அளவில் முறையாகக் கணக்கெடுத்த முதல் ஆய்வு 2003-இல் வெளியானது. இங்கிலாந்தில் அரசின் பராமரிப்பிலிருந்த 5 முதல் 17 வயதினரில் 45 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருந்தது. காப்பகங்களில் மூன்றில் இருவர். வளர்ப்புக் குடும்பங்களில் பத்தில் நால்வர். சொந்த வீடுகளில் வளரும் பிள்ளைகளிடையே இது ஏறக்குறைய பத்தில் ஒருவரே. இந்த வேறுபாடு முழுவதையும் பராமரிப்பின் மீது சுமத்த முடியாது. வன்முறையும் புறக்கணிப்பும் முன்பே நடந்துவிட்டவை. ஆனால் அடிக்கடி வீடு மாற்றுவது அந்தக் காயத்தை ஆற விடுவதில்லை.

நம்பிக்கை தந்த முயற்சிகள் எல்லாமே இரு தரப்பையும் சேர்த்துத் தாங்கியவை. கென்ட் மாவட்டத்தில் நான்சி ஹேசல் 1975-இல் தொடங்கிய திட்டம், யாரும் ஏற்க முன்வராத பதின்வயதினரைக் குடும்பங்களில் சேர்த்தது. வளர்ப்புப் பெற்றோருக்கு ஊதியம் தந்தது. அவர்கள் குழுவாகக் கூடிச் சுமையைப் பகிர்ந்துகொள்ளவும் வைத்தது. அமெரிக்காவில் பிறந்து 2015-இல் பிரிட்டனுக்கு வந்த ‘மாக்கிங்பேர்ட்’ முறையில், ஆறு முதல் பத்து வளர்ப்புக் குடும்பங்கள் அனுபவமிக்க ஒரு வீட்டைச் சுற்றி இணைகின்றன. தளர்ந்துபோன வளர்ப்புத் தாய் பிள்ளையை ஓரிரவு அந்த வீட்டில் விடலாம். பிள்ளைக்கு அது தெரிந்த வீடு, தெரிந்த முகங்கள். புதிய சமூகப் பணியாளருக்கு முதல் ஆண்டில் குறைந்த சுமையும் கூடுதல் வழிகாட்டலும் தரும் ஏற்பாடு 2012 முதல் உள்ளது.

ஆயினும் 2022 செப்டம்பர் கணக்குப்படி இங்கிலாந்தின் குழந்தைகளுக்கான சமூகப் பணியிடங்களில் ஐந்தில் ஒன்று காலியாக இருந்தது. காப்பகத்தில் முறை மாறி வந்த செவிலியர்களிடம் ஜான் பட்ட துன்பத்தை, பணியாளர்கள் மாறி மாறி வரும் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் படுகிறார்கள். பணியாளரை வேலையில் நிலைக்கச் செய்யாத எந்தச் சீர்திருத்தமும் குழந்தையின் மனநலத்துக்கான சீர்திருத்தம் ஆகாது.