வழுவமைதி

இணையத்தின் பாதைகளைப் பற்றித் தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு என்ன பேச்சு என்று கேட்கலாம். விதிக்கும் வழக்குக்கும் நடக்கும் சண்டையைத்தானே நாங்கள் காலங்காலமாகப் படிக்கிறோம்? அந்தத் தைரியம்தான்.

எந்த முகவரிக்கு எந்த வழியாகப் போவது என்று உலகின் வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் நெறிமுறைக்கு பிஜிபி என்று பெயர். 1989இல் கர்க் லாஹீடும் யாக்கவ் ரெக்தரும் சாப்பாட்டு மேசைக் காகிதத்தில் கிறுக்கியது. 2006இல் வெளிவந்த ஆர்எஃப்சி 4271 அதன் இலக்கண நூல். அதில் ஒரு கறாரான விதி: அண்டை ரவுட்டர் அனுப்பும் செய்தியில் வழு இருந்தால் அதனோடு உள்ள தொடர்பையே அறுத்துவிட வேண்டும். ஒரு செய்தி தப்பென்றால் அந்தத் தொடர்பில் வந்த அத்தனை பாதைகளும் போச்சு.

வழு செய்தது அண்டைதான் என்பது இவ்விதியின் சொல்லப்படாத அனுமானம். ஆனால் அதே நூலின் இன்னொரு விதி, தனக்குப் புரியாத சில பண்புகளை ரவுட்டர் அப்படியே அடுத்ததற்குக் கடத்த வேண்டும் என்கிறது. ஆக, எங்கோ நேர்ந்த வழு, அதை வாசிக்கவே தெரியாத பலர் கையில் மாறி வெகுதூரம் போய்த்தான் அகப்படும். தண்டனையோ கடைசியாகக் கொண்டுவந்து கொடுத்தவனுக்கு.

2010 ஆகஸ்ட் 27 அன்று இரண்டு விதிகளும் மோதிக்கொண்டன. ரைப் என்சிசியும் டியூக் பல்கலைக்கழகமும் பரிசோதனையாக ஒரு புதிய பண்போடு பாதை ஒன்றை அறிவித்தன. அறிவிப்பு இலக்கண சுத்தம். நடுவே சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்ஆர் ஓடிய ரவுட்டர்கள் அதைச் சிதைத்துக் கடத்தின. வாங்கியவை விதிப்படி தொடர்பை அறுத்தன, மறுபடி இணைந்தன, மறுபடி அதே செய்தி, மறுபடி அறுத்தன. சுமார் அரை மணி நேரத்தில் பரிசோதனை நிறுத்தப்பட்டது. சிதைவு ஒருவருடையது, அதைக் கொந்தளிப்பாக்கியது விதிக்குக் கீழ்ப்படிந்தவர்களின் கீழ்ப்படிதல். என்னை உறுத்துவது இதுதான்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வதா? அனுப்புவதில் கறார், ஏற்பதில் தாராளம் என்று ஜான் போஸ்டல் 1980லேயே சொல்லியிருந்தார். 'பன்முக வாசிப்பு' கொண்டாடும் நம் நண்பர்களுக்கு இது இனிக்கும். எனக்கு இங்கே ஒப்புதல் இல்லை. சிதைந்த பிரதிக்கு ரவுட்டர்கள் ஆளுக்கொரு பொருள் கொண்டால் செய்தி ஊர் போய்ச் சேராது, சுற்றிச் சுற்றி வரும்.

2015 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 7606 வேறொன்று செய்தது. தொல்காப்பியம் படித்தவர்களுக்கு அதன் பெயர் தெரியும்: வழுவமைதி. வழுவை வழு என்றே கொள், அந்தப் பாதை திரும்பப் பெறப்பட்டதாக வைத்துக்கொள், தொடர்பை அறுக்காதே. பாதைத் தேர்வைப் பாதிக்காத பண்பானால் அதை மட்டும் உதறலாம். எந்த முகவரிகளைப் பற்றிய செய்தி என்பதையே படிக்க முடியாதபோது பழைய தண்டனைதான்.

சில மென்பொருள்கள் 2015க்கு முன்பே இந்த வழக்கத்துக்கு வந்துவிட்டன. அன்றைக்கு அது விதிமீறல். சரியான மீறல் என்பேன்: அது வழுவுக்குப் புதுப் பொருள் கற்பிக்கவில்லை, தண்டனையின் எல்லையை மட்டும் சுருக்கியது. சூத்திரம் பின்னால் வந்தது.

2023 ஜூனில் பிரேசிலின் சிறு வலையமைப்பு ஒன்றிலிருந்து சிதைந்த பண்பு ஒன்று கிளம்பியபோது, ஜூனிப்பர் ரவுட்டர்கள் சில தொடர்பை அறுத்துக்கொண்டன. பொறுத்துப்போகும் வசதி அவற்றில் இருக்கத்தான் செய்தது. யாராவது அதைத் தனியாக இயக்கிவைத்திருக்க வேண்டும்.