செலரியாக்கும் சதுப்பு நிலத் தாகமும்

ஃப்ரைட் ரைஸ்ல போடுற செலரி தெரியும் இல்லையா? அதோட கூடப்பிறந்த தம்பிதான் செலரியாக். தண்டுக்குப் பதிலா இதுல அடிப்பகுதி கிழங்கு மாதிரி உருண்டு பருக்கும்.

ரெண்டுக்கும் பூர்வீகம் சதுப்பு நிலத்துல வளர்ற ஒரு காட்டுச்செடி. பழைய கிரேக்கத்தில் நெமியா போட்டிகள்ல ஜெயிச்சவங்க தலையில சூட்டினது இந்தச் செடியைத்தான். கிழங்கா மாறினது ரொம்பப் பின்னாடி. அடி பருத்த செடியாப் பார்த்து, தலைமுறை தலைமுறையா விதை எடுத்ததோட பலன் அது.

1720களின் கடைசியில் ஸ்டீபன் ஸ்விட்சர் என்ற தோட்டக்கலைஞர், செலரியாக் உட்பட வெளிநாட்டுக் காய்களை வளர்ப்பது பற்றி இங்கிலாந்தில் ஒரு சின்னப் புத்தகமே போட்டார். விதையும் வித்தார். ஆனா அங்கே ஜெயிச்சது என்னவோ தண்டு செலரிதான். கிழங்கைக் கொண்டாடினது ஜெர்மனியும் பிரான்சும்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, மனுஷன் செடியோட உருவத்தை மாத்திட்டான், தாகத்தை மாத்த முடியல. வீட்டுத் தோட்டத்துல மண் அடிக்கடி காய்ஞ்சா கிழங்கு பருக்காது. ஐரோப்பாவில் பிப்ரவரி, மார்ச்ல விதைச்சு, மட்கின எரு போட்டு, அக்டோபர் வரை ஈரம் குறையாம பார்த்துக்கிறவங்களுக்குத்தான் தேங்காய் சைஸ்ல கிடைக்கும்.

தோட்டம் போடுறவங்க செடியோட பூர்வீகத்தையும் கொஞ்சம் விசாரிச்சு வைங்க மக்களே!