ஓடி வந்தவர்கள் கட்டிய ஊர்கள்



ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போன் செய்தான். வேலை விஷயமாக மகபூப்நகர் போன இடத்தில் 'மென்னோனைட் சபை' என்று ஒரு போர்டைப் பார்த்தானாம். "சார், நான் முதலூர்க்காரன். பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போறேன். இப்படி ஒரு சபையைக் கேள்விப்பட்டதே இல்லையே, இவங்க யாரு?" என்றான். போனில் சொல்லி முடியாது, எழுதுகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் அவர்கள் கதை பாதியும் நம் ஊர்க் கதை பாதியுமாக வந்திருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சிலர், கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது செல்லாது, வளர்ந்து விவரம் தெரிந்து தானே கேட்பவனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஆயுதம் எடுக்க மாட்டோம், ஆணையிட்டுச் சத்தியம் செய்ய மாட்டோம் என்றும் சொன்னார்கள். இதற்காக அவர்களை ஆற்றில் அமுக்கிக் கொன்றார்கள், தீயில் எரித்தார்கள். நெதர்லாந்தில் மென்னோ சைமன்ஸ் என்ற குருவானவர் 1536இல் தம் பதவியை விட்டுவிட்டு இவர்களோடு சேர்ந்தார். சிதறிக் கிடந்தவர்களை ஒன்று சேர்த்தார். அவர் பெயரால் வந்ததுதான் மென்னோனைட் என்ற பெயர்.

தப்பியவர்களில் பலர் விஸ்துலா ஆற்றுப் படுகைக்குப் போனார்கள். இன்றைக்கு அது போலந்து நாட்டில் இருக்கிறது. யாருக்கும் வேண்டாத சதுப்பு நிலத்தில் கரை கட்டி, தண்ணீரை வடித்து விளைநிலம் ஆக்கினார்கள். இரண்டு நூற்றாண்டு கழித்து அங்கேயும் நெருக்கடி வந்தது. படையில் சேராதவன் புதிதாக நிலம் வாங்கக் கூடாது என்று பிரஷ்ய அரசு கட்டுப்படுத்தியது. ரஷ்யப் பேரரசி கேத்தரின் அழைப்பை ஏற்று மறுபடி மூட்டை கட்டினார்கள். இன்றைய உக்ரைனில் 1789இல் அவர்களுடைய முதல் குடியிருப்பு உருவானது.

இனி நம் பக்கம் வருவோம். அதற்குப் பத்தே ஆண்டு கழித்து, 1799இல், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில் ஓர் ஊர் பிறந்தது. புதிதாகக் கிறிஸ்தவர்களான பனையேறிக் குடும்பங்கள் சொந்த ஊரில் அடிபட்டு, இருக்க இடமில்லாமல் நின்றன. காலங்குடியைச் சேர்ந்த தாவீது சுந்தரானந்தம், ஆங்கிலேய இராணுவ அதிகாரி ஒருவரின் உதவியோடு நிலம் வாங்கி அவர்களைக் குடியேற்றினார். ஆரம்பத்தில் 28 பேர். முதலில் உண்டான ஊர் என்பதால் முதலூர். நம் ஊர்களை வெள்ளைக்காரர்கள்தான் உண்டாக்கினார்கள் என்று பேசுகிறவர்கள் இந்தத் தாவீதின் பெயரை நினைவில் வைக்க வேண்டும்.

ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820இல். அவர் 1790இல் பிறந்த இடம் கிராவ்டென்ஸ் என்ற ஊர். அது அதே விஸ்துலா ஆற்றங்கரையில் இருக்கிறது. அவர் லுத்தரன், மென்னோனைட் அல்ல. ஆனால் அவருடைய ஊரைச் சுற்றி மென்னோனைட் கிராமங்கள் இருந்தன. இங்கேயும் அவர் கண்ட பிரச்சினை குடியிருக்க இடம்தான். பிறர் நிலத்தில் குடிசை போட்டிருப்பவனை ஒரே நாளில் வெளியேற்றிவிடலாம். அதனால் 1830இல் தர்ம சங்கம் தொடங்கினார். துரத்தப்பட்டு வருகிறவர்களுக்கு நிலமும் வீடும் வாங்கிக் கொடுப்பது அதன் வேலை. தாமிரபரணிப் பாசனத்து நஞ்சை இவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. இவர்கள் ஊர் கட்டியதெல்லாம் பெரும்பாலும் பனையும் செம்மணலும் உள்ள காட்டில்தான். ஆசீர்வாதபுரம், கடாட்சபுரம், சுவிசேஷபுரம், மெஞ்ஞானபுரம் என்று நாம் பஸ் போர்டில் படிக்கும் பெயர்களைப் பாருங்கள். சபையே ஊராகிப்போன கதை அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது.

இதுவரை இரண்டு கதையும் ஒன்றுதான். அடைக்கலம் கிடைத்த பிறகு என்ன செய்தார்கள் என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

உக்ரைனில் மென்னோனைட்டுகள் செழித்தார்கள். கோதுமை விளைந்தது, கையில் பணம் சேர்ந்தது. ஆனால் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த நிலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது விதி. 1860களில் மோலோச்னா என்ற பெரிய குடியிருப்பில் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு நிலமே இல்லை. ஊர்க்கூட்டத்தில் நிலம் உள்ளவனுக்குத்தான் ஓட்டு. நிலமில்லாமல் அலைந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் சொந்தச் சகோதரனையே நிலமில்லாதவனாக்கி ஓரத்தில் உட்கார வைத்தார்கள்.

நாம் மட்டும் என்ன? பாளையங்கோட்டை விடுதியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ரேனியஸ் சொன்னபோது, சாப்பாடே வேண்டாம் என்று வெளியேறிய மாணவர்கள் உண்டு. அது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. நான் வேலை பார்த்த ஓர் ஊரில் சபை ஒன்று, கல்லறைத் தோட்டம் இரண்டு. காரணம் கேட்டதற்கு, "அது அப்படித்தான் சார், ஆதியிலிருந்து" என்றார்கள். ஆதியில் அந்த ஊரே துரத்தப்பட்டவர்களுக்காக வாங்கிய இடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்கு எழுதுகிறேன்.

மறுபக்கமும் உண்டு. உக்ரைனிலிருந்து ஆபிரகாம் பிரீசன் என்ற மென்னோனைட் 1889இல் மனைவியோடு நல்கொண்டாவுக்கு வந்தார். என் மாணவன் பார்த்த போர்டின் தொடக்கம் அங்கேதான். அந்தச் சபைகளில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மாலா, மாதிகா மக்கள். 1897இல் இந்தியாவில் கொடும் பஞ்சம் வந்தபோது அமெரிக்க மென்னோனைட்டுகள் தானியமும் பணமும் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் சத்தீஸ்கரின் தம்தரிக்கு வந்து அநாதைப் பிள்ளைகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் இடம் கொடுத்தார்கள்.

நம் பக்கத்தில் களக்காட்டுக்கு அருகே டோனாவூர். டோனா என்ற பிரஷ்யப் பிரபு அனுப்பிய பணத்தில் ரேனியஸ் 1827இல் உண்டாக்கிய அடைக்கல ஊர். முக்கால் நூற்றாண்டு கழித்து, கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடப்படும் ஆபத்திலிருந்த பெண் குழந்தைகளை எமி கார்மைக்கேல் அம்மையார் அதே ஊரில் வைத்து வளர்த்தார். 1951இல் இறக்கும்வரை அந்த ஊரே அவருடைய இருப்பிடமாக இருந்தது. அடைக்கலத்துக்கென்று வாங்கிய நிலம், இரண்டாம் முறையும் அடைக்கலமாகவே நின்றது.

ஆகவே தம்பி, நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அவர்கள் நம்மைப் போலவே துரத்தப்பட்டு வந்து ஊர் கட்டியவர்கள். நம்மைப் போலவே அதை அவ்வப்போது மறந்தவர்கள். அடுத்த முறை மகபூப்நகர் போனால் உள்ளே போய் ஒரு ஆராதனையில் உட்கார்ந்துவிட்டு வா.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் ஊர் எப்படி உண்டானது, முதலில் வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள், நிலம் யார் கொடுத்தது என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். வழக்கம்போல எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவேன்.