பத்து டாலர் அபராதமும் ஒரு உச்சநீதிமன்றமும்

பேருந்துக்காகக் காத்திருப்பது குற்றமா? அமெரிக்காவில் ஒருவருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க நாட்டின் உச்சநீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் பகுதியில் வசித்த கறுப்பினத்தவர் சாம் தாம்சன். ஒரே குடும்பத்திடம் 30 ஆண்டுகளுக்கும் மேலாக வேலை பார்த்தவர். 1959 ஜனவரி 24, சனிக்கிழமை மாலை. வீட்டுக்குப் போகும் பேருந்து வரும்வரை ஒரு உணவகத்தில் இருந்தார். இசைக்கு ஏற்பத் தனியாக ஆடிக்கொண்டிருந்ததாகச் சொல்லி, சோதனைக்கு வந்த போலீசார் அவரைக் கைது செய்தனர். நகராட்சி சட்டப்படி "காரணமின்றித் திரிந்தார்" என்பது குற்றம். வெளியே அழைத்துப் போகும்போது வாக்குவாதம் செய்தார் என்று "ஒழுங்கீன நடத்தை" என இன்னொரு குற்றமும் சேர்ந்தது.

விசாரணையில் உணவக மேலாளரே, தாம்சன் அடிக்கடி வருபவர், அவரை வெளியே போகச் சொல்லவில்லை என்றார். தாம்சனிடம் பணமும் இருந்தது, பேருந்து நேர அட்டவணையும் இருந்தது. ஆனாலும் போலீஸ் நீதிமன்றம் ஒவ்வொரு குற்றத்துக்கும் 10 டாலர் அபராதம் விதித்தது.

இங்கேதான் சிக்கல். கென்டக்கியின் அப்போதைய சட்டப்படி, ஒரு குற்றத்துக்கு 20 டாலருக்குக் குறைவாக அபராதம் விதிக்கப்பட்டால் மாநிலத்தில் மேல்முறையீடு கிடையாது! தண்டனை பெரிதாக இருந்திருந்தால் மேலே போயிருக்கலாம். சிறிதாக இருந்ததால் கதவு அடைபட்டது.

ஆனால் அதே விதி வேறொரு கதவைத் திறந்தது. மாநிலத்தில் மேலே போக இடமில்லை என்றால் அந்தப் போலீஸ் நீதிமன்றமே இந்த வழக்கின் கடைசி மாநில நீதிமன்றம். எனவே அவருடைய வழக்கறிஞர் லூயிஸ் லஸ்கி நேராக அமெரிக்க உச்சநீதிமன்றத்துக்கே போனார். முன்பு நடந்த கைதுகளை எதிர்த்து வழக்கறிஞர் வைத்துக்கொண்டதால்தான் போலீசார் தொல்லை தருகிறார்கள் என்பது தாம்சன் தரப்பு வாதம்.

1960 மார்ச் 21 அன்று நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதிய தீர்ப்பில் நீதிபதிகள் அனைவரும் ஒருமித்தனர். சாட்சியம் போதுமா, போதாதா என்ற பேச்சே இல்லை. சாட்சியமே இல்லை என்றது தீர்ப்பு. போலீசாரிடம் வாதம் செய்வது மட்டும் ஒழுங்கீனம் ஆகாது என்றும் சொன்னது. ஆதாரமே இல்லாமல் தண்டிப்பது அரசியலமைப்பின் 14-வது திருத்தத்துக்கு எதிரானது என்று இரண்டு தண்டனைகளும் ரத்தாயின.

இதன் பலன் தாம்சனோடு நிற்கவில்லை. 1961-ல் லூசியானாவில், வெள்ளையருக்கான உணவு மேசைகளில் அமைதியாக உட்கார்ந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட கறுப்பின மாணவர்களின் தண்டனையை ரத்து செய்தபோதும் உச்சநீதிமன்றம் இந்தத் தீர்ப்பையே துணைக்கு எடுத்தது.

மொத்த அபராதம் 20 டாலர். கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சின்னத் தண்டனைதானே என்று பேசாமல் இருப்பவர்களை நம்பித்தான் இப்படிப்பட்ட தீர்ப்புகள் எழுதப்படுகின்றன. தாம்சன் பேசாமல் இருக்கவில்லை.