கல்லெழுத்தைத் தேடிய தமிழாசிரியர்

சோழநாட்டுக் கோயில்களின் அதிஷ்டானத்திலும் சுவர்களிலும் நிறைந்திருந்த சாசனங்களுட் பல, பகைவர் படையெடுப்பினால் அன்றித் திருப்பணி என்னும் புண்ணிய கைங்கரியத்தினாலேயே அழிந்தொழிந்தமை நம் சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று. பக்தியிற் சிறிதும் குறைவில்லாத தனவந்தர்கள் பழஞ்சுவரைப் பிரித்துப் புதுக்கல் அடுக்கியபொழுது, எழுத்துடைய கற்கள் சில படிக்கட்டாயின. சில தலைகீழாகப் பதிக்கப்பட்டன. பிரிக்காது விட்ட சுவர்களின்மீதோ சுண்ணாம்பு பூச்சுப் பூச்சாய் ஏறியது. கல்லில் எழுத்திருப்பதை அவர்கள் அறிவார்கள். அது சொல்வது இன்னதென்று சொல்லத்தான் ஊரில் ஆள் இல்லை.

1886-ஆம் ஆண்டில் ஹுல்ஷ் என்னும் ஜெர்மானியப் பண்டிதர் சென்னை அரசாங்கத்தின் சாசன ஆராய்ச்சியாளராய் நியமனம் பெற்ற பின்னர், படியெடுக்கும் வேலை ஓர் ஒழுங்குக்கு வந்தது. கல்லை நாரினால் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தாள் எழுத்தின் பள்ளங்களில் இறங்கும்வரை தூரிகையால் தட்டி, அது காய்ந்துபோகுமுன் மை தோய்ந்த பஞ்சுப் பொதியால் ஒற்றுவார்கள். கரிய பரப்பிலே எழுத்துகள் வெண்மையாய்த் துலங்கும். தாள் சர்க்கார் காரியாலயத்துக்குப் போய்விடும். கல்லோ பழையபடி ஊரிலேயே நிற்கும். அக்கல்லுக்குத் துணை யார் என்ற கேள்விக்கு விடையாக வந்தவருள் ஒருவர் தி. வை. சதாசிவ பண்டாரத்தார்.

கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பயத்தில் 1892-இல் பிறந்தவர் அவர். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பாண்டியன் வரகுணனும் பல்லவன் அபராஜிதனும் பொருது, கங்கமன்னன் பிருதிவீபதி உயிர்நீத்த போர்க்களம் அவ்வூரே. பிற்காலத்தில் கல்கியின் நாவலால் அதன் பெயர் வீடுதோறும் பரவியது. நற்றிணைக்கு உரை கண்ட பின்னத்தூர் நாராயணசாமி ஐயரிடம் பாடம் கேட்டுச் சங்க இலக்கியத்தில் தோய்ந்திருந்த இளைஞர், து. அ. கோபிநாத ராவ் எழுதிய சோழவமிச சரித்திரச் சுருக்கத்தைப் படித்த அளவில், தாம் நாள்தோறும் கடந்து சென்ற கோயிற் சுவர்களே மூல ஆதாரங்கள் என்று கண்டுகொண்டார். சரித்திரத்தில் பட்டமோ, சாசன இலாகாவில் உத்தியோகமோ அவருக்கு இல்லை. குடந்தை பாணாதுரை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராய் இருந்துகொண்டே தலந்தோறும் சென்று கல்வெட்டுகளை நேரிற் படித்து, இலக்கியச் செய்திகளோடு ஒப்புநோக்கி, 1930-இல் ‘முதற் குலோத்துங்க சோழன்’ என்னும் நூலை வெளியிட்டார். 1942-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

மூன்று பாகங்களாய் அமைந்த ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ அவருக்குப் பெரும்புகழ் தந்ததாயினும், அவர் எழுதிய சிறிய தலவரலாறுகளையே நான் ஒருபடி மேலாக மதிக்கிறேன். பிறந்த ஊருக்கு ஒன்று. செம்பியன் மாதேவி என்னும் ஊருக்கு ஒன்று. புராணக் கதைகளையே தலவரலாறு என்று விற்றுவந்த சந்நிதித் தெருவிலே, உங்கள் கோயிற் சுவரில் இன்ன அரசன் காலத்தில் இன்னார் விளக்கெரிக்க ஆடு கொடுத்தார் என்று அச்சிட்டுக் காட்டினால், அதன்மேல் சுண்ணாம்பு அடிக்க ஊராருக்குக் கை வருமா?

செம்பியன் மாதேவி என்னும் அப்பெயருக்குரிய சோழ அரசியே சாசனப் பாதுகாப்புக்கு முன்னோடி என்பதையும் சொல்லவேண்டும். பத்தாம் நூற்றாண்டில் திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக்கியபொழுது, அங்கே சிதறிக் கிடந்த பழங்கற்களின் வாசகங்களைப் புதுச் சுவரில் மறுபடியும் வெட்டுவித்து, இது பழங்கல்லின் படி என்ற குறிப்பையும் உடன் பொறிக்கச் செய்தாள். திருப்பணியும் சாசனப் பாதுகாப்பும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இந்நாட்டில் தெரிந்திருந்தது, இடையிலே மறந்துபோயிற்று.

பண்டாரத்தார் 1960-இல் மறைந்தார். தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழைப் புரட்டினால், புதிதாய்க் கண்ட கல்வெட்டுகளைப் படித்து அனுப்புவோரிடையே பள்ளி ஆசிரியர்களை இன்றும் காணலாம். ஊரில் திருப்பணிக் குழு கூடுகையில், பாலாலயத்துக்கு முன்பே படியெடுத்தாயிற்றா, பிரிக்கும் கல்லுக்கெல்லாம் எண் இட்டாயிற்றா, மணல் பீய்ச்சிச் சுவரைத் துலக்கப் போகிறீர்களா என்று எழுந்து கேட்டு, ஸ்தபதியின் முகச்சுளிப்பையும் தர்மகர்த்தாவின் அவசரத்தையும் ஒருங்கே சம்பாதித்துக்கொள்பவர் பெரும்பாலும் அத்தகைய ஒருவராகவே இருப்பார்.